விரலை எந்த வரியில் வைப்பது?

வாசகர் கேள்வி பதில்: கருத்துணர்தல்

இந்த மாதம் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பெஸ்தாரி ஜெயாவிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தேர்வில் வரும் கருத்துணர்தல் (வாசித்துப் புரிந்து விடையளிக்கும்) பகுதியைப் பற்றியவை. பெற்றோர், மாணவர், தாத்தா பாட்டி என எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: என் மகள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். தடுக்காமல் வாசிப்பாள். கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்வாள். கருத்துணர்தலில் மட்டும் பாதிப் புள்ளிதான் வருகிறது. கேட்டால், “எனக்குத் தெரிஞ்சதைத்தானே எழுதினேன்” என்கிறாள். எங்கே கோளாறு?
– ஒரு தாய், பெஸ்தாரி ஜெயா

பதில்: உங்கள் மகள் சொன்ன அந்த வார்த்தையிலேயே கோளாறு இருக்கிறது, அம்மா. அவள் எழுதியது தனக்குத் தெரிந்ததை. கேள்வி கேட்டது பனுவல், அதாவது தாளில் தந்த வாசிப்புப் பகுதி, சொன்னதை. நன்றாக வாசிக்கும் பிள்ளைகள்தான் இதில் அதிகம் சறுக்குகிறார்கள். வாசித்து முடித்ததும் கதை மனத்தில் பதிந்துவிடுகிறது. அதன்பிறகு தாளைத் திரும்பிப் பார்க்காமல் மனத்தில் உள்ளதையே எழுதிவிடுகிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பால்மரம் (ரப்பர்), செம்பனை பற்றிய பனுவல் வந்துவிட்டால் இன்னும் சிக்கல். அவர்களுக்கு அதைப் பற்றி அவ்வளவு தெரியும்!

ஒரு சிறு பனுவலை எடுத்துக்கொள்வோம்:

“விடியுமுன்பே எழுந்துவிட்டார் தாத்தா. நேற்றும் மழை. பட்டையின் ஈரம் காயாமல் வெட்டினால், பால் வெட்டுக்கோட்டில் நிற்காமல் மரத்தோடு வழிந்து வீணாகிவிடும் என்பது அவருக்குத் தெரியாததா? வாசலில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு உள்ளே வந்து கத்தியைத் தீட்டத் தொடங்கினார். பாட்டியோ காப்பியை ஆற்றிக்கொண்டே, ‘இன்றைக்காவது...’ என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.”

முதல் கேள்வி: பாட்டியின் கவலைக்குக் காரணம் என்ன? தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை உடனே எழுதும்: “மழை பெய்தால் கூலி கிடைக்காது.” வாழ்க்கையில் அது உண்மைதான். பனுவலில் ‘கூலி’ என்ற பேச்சே இல்லை. அங்கே இருப்பவை மூன்று: ‘நேற்றும் மழை’ என்ற வரி, ஈரத்தில் வெட்டினால் பால் வீணாகும் என்ற வரி, ‘இன்றைக்காவது’ என்ற சொல். மூன்றையும் கோத்தால் விடை வருகிறது: “தொடர்ந்து மழை பெய்ததால் தாத்தாவால் பால் வெட்ட முடியவில்லை. இன்றைக்காவது வெட்ட முடியுமா என்று பாட்டி கவலைப்பட்டார்.” இதை எழுதிய பிறகு, “இதனால் வருமானம் தடைப்பட்டிருக்கலாம்” என்று ஒரு வரி சேர்த்தால் தவறில்லை. சான்று முன்னே, ஊகம் பின்னே. அந்த வரிசை மாறினால் புள்ளி போகும்.

இரண்டாம் கேள்வி: இன்று காலை வானம் எப்படி இருந்தது? ‘தெளிவாக இருந்தது’ என்று எங்கும் எழுதவில்லை. பார்த்தார், பிறகு கத்தியைத் தீட்டினார் என்று இரண்டு செயல் அடுத்தடுத்து வருகின்றன. மழை மேகம் கண்டவர் கத்தியைத் தீட்டமாட்டார். இப்படி இரண்டு வரிக்கு நடுவில் இருக்கும் விடையைத்தான் ஊகித்து எழுதச் சொல்கிறார்கள்.

வீட்டில் ஒரே ஒரு பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். கேள்வியைப் படித்ததும் மகள் இடக்கை விரலைப் பனுவலின் ஒரு வரியில் வைக்க வேண்டும். வைத்த பிறகுதான் வலக்கை பேனாவை எடுக்க வேண்டும். இரண்டு வரியில் வைக்க வேண்டியிருந்தால் இரண்டையும் சேர்த்து விடை எழுதவேண்டும். வைக்க இடமே கிடைக்கவில்லை என்றால், அது சொந்தக் கருத்தைக் கேட்கும் கேள்வி, இல்லாவிட்டால் கேள்வியை அவள் தவறாகப் படித்திருக்கிறாள்.

இன்னொன்றும் கவனியுங்கள். வரியைக் கண்டுபிடித்ததும் சில பிள்ளைகள் அதை அப்படியே பெயர்த்து எழுதிவிடுவார்கள். “அவருக்குத் தெரியாததா?” என்று விடைத்தாளில் எழுதினால் யாருக்கு, என்ன என்று தெரியாது. விடையில் ‘அவர்’, ‘அது’, ‘அங்கே’ என்று வந்தால், அந்த இடத்தில் ஆளின் பெயரையோ பொருளின் பெயரையோ போட்டு எழுதப் பழக்குங்கள். வினா வடிவில் இருக்கும் வரியைச் செய்தியாக மாற்றவும் வேண்டும். ‘தெரியாததா?’ என்று கேட்டால் ‘நன்றாகத் தெரியும்’ என்று பொருள்.

கேள்வி: பனுவலை முதலில் படிப்பதா, கேள்விகளை முதலில் படிப்பதா?
– ஆறாம் ஆண்டு மாணவன்

பதில்: கேள்வியின் தலையை முதலில் பார், தம்பி. விருப்பத் தெரிவுகளான அ, ஆ, இ, ஈ நான்கையும் அப்போது படிக்காதே. தவறான மூன்று தெரிவுகளும் மனத்தில் உட்கார்ந்துவிட்டால், பனுவலைப் படிக்கும்போது அவற்றையே தேடுவாய். கேள்வியில் உள்ள பெயர், ஆண்டு, ‘ஏன்’, ‘எவ்வாறு’ போன்ற சொற்களுக்குக் கீழே மட்டும் கோடு போடு. பிறகு பனுவலை நிறுத்தாமல் ஒருமுறை முழுதாகப் படி. இரண்டாம் முறை கேள்வி கேள்வியாகத் திரும்பிப் போ. பெரும்பாலும் கேள்விகள் பனுவலின் வரிசையிலேயே வரும். தலைப்பையும் முதன்மைக் கருத்தையும் கேட்பவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்.

‘ஏன்’ என்று கேட்டால் காரணம் எழுது. ‘எவ்வாறு’ என்றால் வழிமுறை. இரண்டையும் மாற்றி எழுதிப் புள்ளி இழப்பவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: பேரனுக்கு நான்தான் தமிழ் சொல்லித் தருகிறேன். எச்ச உம்மை, முற்றும்மை எல்லாம் நாங்கள் படித்தவை. இப்போது அதெல்லாம் தேர்வுக்குத் தேவையில்லை என்கிறார்கள். கருத்துணர்தலுக்கு அந்த இலக்கணம் உதவுமா?
– ஓய்வுபெற்ற தோட்டப் பள்ளி ஆசிரியர், ஈஜோக்

பதில்: ஐயா, உதவும் என்று சொல்வது போதாது. தமிழ்ப் பனுவலில் துப்பு ஒளிந்திருப்பதே அங்கேதான். ஆங்கிலத்தில் தனிச்சொல்லாக நிற்கும் பல குறிப்புகள் தமிழில் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவசரமாக வாசிக்கும் கண் வாலைப் பார்ப்பதில்லை.

மேலே தந்த பனுவலில் ‘நேற்றும் மழை’ என்பதையே பாருங்கள். ‘நேற்று மழை’ என்றால் ஒரு நாள் கணக்கு. ‘உம்’ சேர்ந்ததும் அதற்கு முன்னாளும் பெய்தது என்று ஆகிவிடுகிறது. “குறைந்தது எத்தனை நாள் மழை பெய்தது?” என்று கேட்டால் இரண்டு என்பது விடை. அந்த விடை முழுவதும் ஓர் ‘உம்’மில் அடங்கியிருக்கிறது. நீங்கள் படித்த எச்ச உம்மை இதுதான்.

முற்றும்மை இன்னும் கூர்மையானது. “அவருடைய பிள்ளைகள் மூவர் கோலாலம்பூரில் வேலை செய்கின்றனர்” என்றால், அவருக்கு வேறு பிள்ளைகளும் இருக்கலாம். “பிள்ளைகள் மூவரும்” என்றால் மொத்தமே மூன்று பேர். ‘அவருக்கு எத்தனை பிள்ளைகள்?’ என்ற கேள்விக்கு முதல் வாக்கியத்தில் விடை இல்லை, இரண்டாவதில் இருக்கிறது. பல்தேர்வுக் கேள்வி தயாரிப்பவர்கள் இப்படிப்பட்ட இடத்தைக் கண்டால் விடமாட்டார்கள்.

உம்மைக்கு நன்னூல் எட்டுப் பொருள் சொல்கிறது. பேரனுக்கு எட்டின் பெயரையும் மனனம் செய்யவைக்க வேண்டாம். வாக்கியத்தைச் சொல்லி, ‘உம்’மை எடுத்துவிட்டுச் சொல்லி, என்ன மாறியது என்று கேளுங்கள். “குழந்தையும் தூக்கிவிடும்”, “குழந்தை தூக்கிவிடும்.” முதலாவதில் பொருள் எடை குறைந்தது என்ற செய்தி இருக்கிறது. இதைப் பேரன் தானாகச் சொல்லிவிட்டால் பெயர் பிறகு வந்து சேரும்.

அதே முறையில் இவற்றையும் நடத்துங்கள். ‘பாட்டியோ’ என்ற ஓகாரம் பாட்டியைத் தாத்தாவிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது. தாத்தா கிளம்பத் தயாராகிறார், பாட்டியின் மனநிலை வேறு. ‘இன்றைக்காவது’ என்றால் முன்னாள்களில் நடக்கவில்லை என்று பொருள். ‘அவனே’, ‘அவன்தான்’, ‘அவன்கூட’, ‘அவன் மட்டும்’ என்ற நான்கையும் ஒரே வாக்கியத்தில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வினைமுற்றிலும் துப்பு இருக்கிறது. “இன்னும் கொஞ்சம் முன்னே கிளம்பியிருந்தால் பஸ்ஸைப் பிடித்திருப்பான்.” அவன் பஸ்ஸைப் பிடித்தானா? இல்லை. பிள்ளைகளில் பலர் ‘பிடித்தான்’ என்று எழுதுகிறார்கள், ஏனென்றால் ‘பிடித்து’ என்ற பகுதி கண்ணில் படுகிறது, ‘இருப்பான்’ படவில்லை. “பேசவிருந்தார்” என்றால் அந்தப் பொழுதில் இன்னும் பேசவில்லை. “நாளை கடை இல்லையாம்” என்றால், சொல்பவர் கேள்விப்பட்டதைச் சொல்கிறார். எது உறுதியான செய்தி, எது பிறர் சொன்னது என்று பிரிக்கச் சொல்லும் கேள்விக்கு அந்த ‘ஆம்’ போதும்.

கேள்வி: பல்தேர்வுக் கேள்வியில் இரண்டு தெரிவை நீக்கிவிடுவேன். மிஞ்சிய இரண்டில் எப்போதும் தவறானதையே தேர்ந்தெடுக்கிறேன். என்ன செய்வது?
– படிவம் 2 மாணவி

பதில்: எது சரியாக இருக்கும் என்று பார்ப்பதை நிறுத்து, தங்கச்சி. எந்தச் சொல்லுக்குச் சான்று இல்லை என்று பார். தெரிவில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் பனுவலில் இடம் தேடு. ஒரே ஒரு சொல்லுக்கு இடம் இல்லாவிட்டாலும் அந்தத் தெரிவு விழுந்துவிடும்.

உங்கள் ஊர்ப் பக்கத்துச் செய்தியையே எடுத்துக்கொள்வோம்:

“1917ஆம் ஆண்டு தென்னமரம் தோட்டத்தில் செம்பனை வணிக நோக்கில் நடப்பட்டது. அதற்கு முன் அது நம் நாட்டில் அழகுக்காக வளர்க்கப்பட்ட மரம். ஒரு காலத்தில் பால்மரம் நின்ற நிலத்திலும் இன்று செம்பனை நிற்கிறது.”

பனுவலின்படி சரியான கூற்று எது?
அ. 1917இல்தான் செம்பனை முதன்முதலில் நம் நாட்டுக்கு வந்தது.
ஆ. 1917க்கு முன்பே செம்பனை நம் நாட்டில் இருந்தது.
இ. பால்மரத் தோட்டங்கள் எல்லாம் செம்பனைத் தோட்டங்களாகிவிட்டன.
ஈ. செம்பனை பால்மரத்தைவிட அதிக வருமானம் தரும்.

அதிகம் பேர் விழுவது ‘அ’வில். பனுவலில் உள்ள ஆண்டும் பெயரும் அதில் அப்படியே இருக்கின்றன. பனுவலின் சொற்களை எடுத்துப் பொருளை மாற்றிக் கோர்ப்பது கேள்வி தயாரிப்பவரின் முதல் பொறி. ‘வணிக நோக்கில்’ என்ற இரண்டு சொல்லை விட்டுவிட்டு, ‘முதன்முதலில்’ என்ற சொல்லைப் புதிதாக நுழைத்திருக்கிறார்கள். இரண்டாம் வாக்கியமே அதை மறுக்கிறது.

‘இ’யில் வரும் ‘எல்லாம்’ என்ற சொல்லுக்குச் சான்று இல்லை. எல்லாம், எப்போதும், ஒருவரும், மட்டுமே போன்ற சொற்கள் தெரிவில் வந்தால், அதே அளவு வலுவான சொல் பனுவலில் இருக்கிறதா என்று தேடு. இல்லையென்றால் கோடு போட்டு அடித்துவிடு. ‘ஈ’ வீட்டில் பெரியவர்கள் பேசக் கேட்டதாக இருக்கும். பனுவலில் வருமானம் என்ற பேச்சில்லை.

‘ஆ’வில் பனுவலின் சொல் மிகக் குறைவாக இருக்கிறது. அதனால்தான் அது கவர்ச்சியாகத் தெரிவதில்லை. ஆனால் ‘அதற்கு முன் அது நம் நாட்டில்’ என்ற வரியில் விரல் நிற்கிறது. சரியான விடை பெரும்பாலும் வேறு சொற்களில் திருப்பி எழுதப்பட்டிருக்கும் என்பதை நினைவில் வை.

இதே வரியில் இன்னொரு பயிற்சியும் உண்டு. ‘அதற்கு முன் அது’ என்பதில் ‘அது’ இரண்டு முறை வருகிறது. முதலாவது 1917இல் நடந்த நடவைக் குறிக்கிறது, இரண்டாவது செம்பனையை. சுட்டுச்சொல்லை நீக்கி அது குறிக்கும் பெயரை அங்கே போட்டு வாசித்துப் பார். ‘செம்பனை அழகுக்காக வளர்க்கப்பட்ட மரம்’ என்பது பொருந்துகிறது. ‘தோட்டம் அழகுக்காக வளர்க்கப்பட்ட மரம்’ என்பது பொருந்தவில்லை. பக்கத்தில் உள்ள பெயர்ச்சொல்லை எடுத்து ஒட்டிவிடுவதுதான் வழக்கமான தவறு.

கேள்வி: ‘சூழலுக்கேற்ற பொருள்’ கேட்கும் கேள்வியில் எனக்குத் தெரிந்த சொல்லுக்கே தவறாக எழுதுகிறேன்.
– படிவம் 1 மாணவன்

பதில்: தெரிந்த சொல்தான் ஆபத்து. “தோட்டங்களில் பால்மரம் அருகி வருகிறது. ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றவை, இன்று சாலையோரம் நாலைந்துதான்.” இங்கே ‘அருகி’ என்பதைப் பார்த்ததும் ‘அருகில்’ நினைவுக்கு வந்து, ‘நெருங்கி வருகிறது’ என்று எழுதத் தோன்றும். அடுத்த வாக்கியத்தைப் படி. அன்று நிறைய, இன்று நாலைந்து. ஆகவே அருகுதல் என்றால் குறைந்துபோதல். பொருள் தெரியாத சொல்லுக்கு அடுத்த வாக்கியம் எடுத்துக்காட்டாகவோ எதிராகவோ அமைந்திருக்கும், அங்கே தேடு. எழுதிய பொருளை மூலச் சொல்லின் இடத்தில் வைத்து வாக்கியத்தை வாசி. ‘பால்மரம் குறைந்து வருகிறது’ என்பது இழுக்காமல் ஓடுகிறதா? ஓடினால் சரி. காலமும் எச்சமும் மூலத்தில் உள்ளபடியே இருக்கட்டும். ‘அருகி’ என்பதற்குக் ‘குறைந்து’ என்று எழுது, ‘குறைவு’ என்று எழுதாதே.

கேள்வி: எஸ்.பி.எம் (படிவம் 5 முடிவில் எழுதும் தேர்வு) மலாய்மொழித் தாளில் சில கேள்விக்குப் பனுவலிலிருந்து எழுதினால் தவறு என்கிறார்கள், சில கேள்விக்குச் சொந்தமாக எழுதினால் தவறு என்கிறார்கள். எப்படிப் பிரித்தறிவது?
– படிவம் 5 மாணவன், பெஸ்தாரி ஜெயா

பதில்: கேள்வியின் முதல் இரண்டு மூன்று சொல்லில் அது இருக்கிறது. ‘பெர்டாசார்க்கான் பெத்திக்கான்’ (பனுவலின் அடிப்படையில்) என்று தொடங்கினால் விரல் பனுவலை விட்டு நகரக்கூடாது. ‘பாடா பெண்டாபாட் அண்டா’ என்று வந்தால் உன் கருத்தைக் கேட்கிறார்கள். அதற்குப் பனுவலில் உள்ளதையே திருப்பி எழுதிப் புள்ளி எதிர்பார்க்காதே. ‘மக்சூட் ராங்காய் காத்தா’ என்றால் கோடிட்ட சொற்றொடரின் பொருள். அதை மேலே சொன்னபடி அந்த இடத்தில் வைத்து வாசித்துப் பார்த்து எழுது.

சில கேள்விகள் இரண்டையும் கேட்கும். பாதி பனுவலிலிருந்து, பாதி சொந்தமாக. தாளைக் கையில் வாங்கியதும் இத்தகைய கேள்விகளில் பனுவலைக் கேட்கும் இடத்தில் ஒரு வட்டமும், கருத்தைக் கேட்கும் இடத்தில் ஒரு முக்கோணமும் பென்சிலால் போட்டுவிடு. எழுதும்போது குழப்பம் வராது.

புள்ளி எண்ணிக்கையையும் பார். இரண்டு காரணம் கேட்டு 4 புள்ளி என்று போட்டிருந்தால், நான்கு காரணத்தை வரிசையாக அடுக்குவதைவிட, ஒவ்வொரு காரணத்தையும் சொல்லி அதன் விளைவையோ விளக்கத்தையோ சேர்ப்பதே வழி. சொந்தக் கருத்து என்றாலும் பனுவலின் பொருளைவிட்டு விலகிப் போகக்கூடாது. தோட்டத்து இளைஞரைப் பற்றிய பனுவலுக்கு நகரத்துப் போக்குவரத்து நெரிசலைப் பற்றி எழுதினால் அது எந்தக் கேள்விக்கும் விடை ஆகாது.

கேள்வி: எஸ்.பி.எம் ஆங்கிலம் முதல் தாளில் வாக்கியங்களை எடுத்துவிட்டு இடம் விட்டிருக்கும் பகுதிதான் எனக்குப் பெரிய தலைவலி. ஒன்று தவறினால் எல்லாமே தவறிவிடுகிறது.
– படிவம் 5 மாணவி

பதில்: அந்தத் தாளில் மொத்தம் 40 கேள்விகள், 90 நிமிடம். நீ சொல்வது நான்காம் பகுதி, 27 முதல் 32 வரை. ஆறு இடம், எட்டு வாக்கியம், இரண்டு மிச்சம். ஒன்றைத் தவறான இடத்தில் போட்டால், அதற்கு உரிய இடமும் காலியாகிவிடும். ஆகவே வரிசையாக நிரப்பாதே. உறுதியாகத் தெரிந்ததை முதலில் போட்டு, அந்த வாக்கியத்தைப் பட்டியலில் அடித்துவிடு. எட்டில் நான்கு போனால் மிச்சம் நான்குதான்.

இடத்துக்கு முன்னால் உள்ள வாக்கியத்தை மட்டும் பார்த்துப் பொருத்துவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. பின்னால் வரும் வாக்கியத்தில்தான் பிடி இருக்கும். அது ‘தே’ என்று தொடங்கினால், நீ போடும் வாக்கியத்தில் பன்மைப் பெயர் ஒன்று இருக்க வேண்டும். ‘தீஸ் சேஞ்சஸ்’ என்று வந்தால், அதற்கு முன் ஒன்றுக்கு மேற்பட்ட மாற்றம் பேசப்பட்டிருக்க வேண்டும். ‘ஹவெவர்’ வந்தால் முன்னும் பின்னும் எதிரெதிர்த் திசை. ‘ஆல்சோ’ வந்தால் ஒரே திசை. ஒருவரின் முழுப்பெயர் முதல்முறை வரும் இடத்துக்கு முன்னால் ‘ஹீ’, ‘ஷீ’ என்று அவரைக் குறிக்கும் வாக்கியம் வருவது அரிது. ஒரு பொருள் முதலில் ‘அ’ (a) என்றும் அடுத்து ‘த’ (the) என்றும் வரும். ‘த’ உள்ள வாக்கியத்தை முன்னே போட்டுவிட்டால் தலைகீழாகிவிடும்.

ஆறையும் போட்டபின் பத்திகளை வாய்க்குள் முணுமுணுத்து ஒருமுறை வாசி. மிஞ்சிய இரண்டு வாக்கியத்தையும் ஒவ்வோர் இடத்திலும் வைத்துப் பார்க்க நேரம் ஒதுக்கு. இந்தப் பகுதிக்கு 15 நிமிடத்துக்கு மேல் போனால் விட்டுவிட்டு ஐந்தாம் பகுதிக்குப் போய்த் திரும்பி வா.

கேள்வி: அறிவிப்பு, விளம்பரம், அட்டவணை போன்றவற்றில் கேட்கும் எளிய கேள்வியிலேயே மகன் தவறு செய்கிறான். அவசரக்காரன்.
– ஒரு தந்தை, புக்கிட் ரோத்தான்

பதில்: அவசரம் மட்டும் காரணமில்லை, ஐயா. அறிவிப்பில் சிறு சொல்லே சட்டம். ‘12 வயதுக்கு உட்பட்டோர்’ என்பதும் ‘12 வயதும் அதற்குக் கீழும்’ என்பதும் ஒன்றல்ல. ‘உட்பட’ என்றால் சேர்ந்தது, ‘தவிர’ என்றால் நீங்கியது. அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் குறிப்பைப் பற்றி ஒரு கேள்வியாவது வரும் என்று எதிர்பார்க்கச் சொல்லுங்கள். கோயில் திருவிழா அறிவிப்பு, பேரங்காடித் துண்டறிக்கை, தோட்ட அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கும் தாள் எல்லாமே பயிற்சிக்கு ஆகும். வாரம் ஒன்றை எடுத்து ஐந்து கேள்வி கேளுங்கள்.

கேள்வி: ஆறாம் ஆண்டுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர்தான் இல்லையே, இன்னும் ஏன் பிள்ளைகளை இதில் போட்டு வருத்துகிறீர்கள்?
– வாசகர், கோல சிலாங்கூர்

பதில்: யு.பி.எஸ்.ஆர் 2021இல் நீக்கப்பட்டது, படிவம் 3 தேர்வான பி.டி.3 அதற்கடுத்த ஆண்டு. அது உண்மை. ஆனால் எஸ்.பி.எம் இருக்கிறது, அதில் எந்த மொழித் தாளிலும் வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதி இருக்கிறது. உலக அளவில் 15 வயது மாணவருக்கு நடத்தும் பீசா தேர்வில், வாசிப்பில் நம் நாட்டின் சராசரி 2018இல் 415, 2022இல் 388. அதே 2022இல் வளர்ந்த நாடுகள் அமைப்பின் (ஓ.இ.சி.டி) சராசரி 476. இந்த எண்களைக் கண்டு கவலைப்படுகிறோம், அதை மறைக்க விரும்பவில்லை. தொடக்கப் பள்ளி ஆண்டுகள்தான் நிதானமாகப் பழக ஏற்ற காலம். எஸ்.பி.எம்முக்கு ஆறு மாதம் முன்னால் தொடங்கினால் பழக்கம் படியாது, வித்தைகளை மனனம் செய்வதோடு நின்றுவிடும்.

கேள்வி: பயிற்சிப் புத்தகம் வாங்கி முடித்துவிட்டோம், மறுபடி வாங்க வசதியில்லை. வீட்டிலேயே பயிற்சி தர வழி சொல்லுங்கள்.
– ஒரு தாய்

பதில்: தமிழ் நாளிதழில் 150 முதல் 200 சொல் உள்ள ஒரு செய்தி போதும், அம்மா. புதுப் புத்தகம் எதுவும் வேண்டாம். நோட்டுப் புத்தகத்தின் பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாக்குங்கள். இடப்பக்கம் விடை, வலப்பக்கம் அந்த விடைக்குச் சான்றான சொற்கள், பனுவலில் உள்ளபடியே. வலப்பக்கம் காலியாக இருந்தால் இடப்பக்கம் சரியாக இருந்தாலும் மதிப்பெண் தராதீர்கள். வாரத்தில் மூன்று நாள், தடவைக்கு 20 நிமிடம். அதற்கு மேல் உட்காரவைத்தால் பிள்ளை ஊகத்தில் இறங்கிவிடும்.

இரண்டு வாரம் போனபின் வேலையைத் திருப்பிப் போடுங்கள். பிள்ளையே கேள்வி எழுதி நான்கு தெரிவும் எழுதட்டும். தவறான தெரிவை நம்பும்படி அமைப்பது கடினம். அதைச் செய்யத் தெரிந்த பிள்ளைக்குத் தாளில் உள்ள பொறி தானாகக் கண்ணில் படும்.

பத்துப் பயிற்சி முடிந்ததும் தவறிய விடைகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் காரணத்தை எழுதுங்கள்: கேள்வியைத் தவறாகப் படித்தது, வரியைத் தேடாதது, சொல்லின் பொருள் தெரியாதது, தனக்குத் தெரிந்ததை எழுதியது. எந்தக் காரணம் அதிகம் வருகிறதோ அதற்கு மட்டும் அடுத்த இரண்டு வாரம். சொல்லின் பொருள் தெரியாததுதான் பெரிய காரணம் என்றால், துப்புப் பயிற்சியை நிறுத்திவிட்டுக் கதைப் புத்தகம் கொடுங்கள். சொல்வளம் இல்லாத இடத்தில் எந்த உத்தியும் நிற்காது.

கேள்வி: எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேத்தி என்னோடுதான் இருக்கிறாள், அப்பா அம்மா ஷாஆலாமில் வேலை. அவளுக்கு நான் எப்படி உதவ முடியும்? (பக்கத்து வீட்டுப் பெண் எழுதித் தந்த கடிதம்)
– ஒரு பாட்டி, தோட்டக் குடியிருப்பு

பதில்: உங்களால் முடியும், பாட்டி. பேத்தி பனுவலைச் சத்தமாக வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். பிறகு அவள் கேள்வியையும் தன் விடையையும் சொல்லட்டும். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “அது எங்கே இருக்கு? அந்த வரியைப் படி.” அவள் படிக்கும் வரியில் அவள் சொன்ன விடை இருக்கிறதா என்று உங்கள் காதே சொல்லிவிடும். இல்லையென்றால், “இதிலே அப்படிச் சொல்லலையே, இன்னொரு தடவை தேடு” என்று சொல்லுங்கள். வாசிக்கும்போது அவள் சொல்லின் கடைசியை விழுங்கினால், ‘நேற்றும்’ என்பதை ‘நேற்று’ என்று ஓட்டினால், நிறுத்தித் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். வாரம் மூன்று நாள், இரவுச் சாப்பாட்டுக்கு முன் செய்தால் போதும்.